உழைத்து ஓய்ந்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி

ஆண்டுதோறும் அக்டோபர் முதல் தேதி சர்வதேச முதியோர் தினம் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 1990-ல் செய்த தீர்மானப்படி நடக்கும் தினம் இது. அன்று கலெக்டர் ஆபீஸ்களில் கூட்டம் நடக்கும். நாலு பெரியவர்களை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். பெற்றோரைப் பேணுவது தர்மம் என்று உபதேசம் நடக்கும். மறுநாள் காலையில் அதே ஆபீஸ் வாசலில், பென்ஷன் மனுவைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, புளிய மரத்து நிழலில் கிழவிகள் குந்தியிருப்பார்கள். அவர்களுக்குப் பொன்னாடையும் இல்லை, பதிலும் இல்லை.

பெரியவர்களை மரியாதை செய்வதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்த மனிதனுக்கு இந்தச் சமுதாயம் கொடுப்பது தர்மம் அல்ல. அது அவனுக்குத் தரவேண்டிய பாக்கி. பாக்கியைக் கேட்பவன் கைகட்டி நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

இப்போது பத்திரிகைகளில் "மூத்த குடிமக்கள்" என்று எழுதுகிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கிழவன், கிழவி என்று அலட்சியமாகச் சொல்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெயரை மாற்றியதால் மட்டும் ஒருவேளைக் கஞ்சி கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 10 கோடியே 40 லட்சம் பேர். 2021-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் அதிகமுள்ள ராஜ்யம் நம்முடையதுதான். இதைச் சொல்லும்போதே சில பொருளாதார நிபுணர்கள் நெற்றியைச் சுருக்குகிறார்கள். "சுமை ஏறுகிறது" என்கிறார்கள். காலராவைக் கட்டுப்படுத்தி, பெரியம்மையை ஒழித்து, பிரசவத்தில் சாகும் தாய்மாரைக் காப்பாற்றி, குழந்தைகளுக்குப் பள்ளியில் சோறு போட்டு, மனிதனின் ஆயுளை நீட்டியது சமுதாயத்தின் சாதனை. சாதனைக்குப் பெயர் சுமையா? எழுபது வயது மில் முதலாளி கம்பெனித் தலைவராகக் காரில் போய் இறங்குகிறார். அவரை யாரும் சுமை என்று சொல்வதில்லை. எழுபது வயதுப் பதிலித் தொழிலாளிதான் சுமையாகத் தெரிகிறான்!

மில் தொழிலாளியின் முதுமையை முதலில் பார்ப்போம்.

பஞ்சாலையில் வேலை செய்தவனுக்கு வயது சீக்கிரம் வருகிறது. புளோரூமிலும் கார்டிங்கிலும் இருபது, முப்பது வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கியவனின் நெஞ்சு என்னாகும்? வாரத்து ஓய்வு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது மார்பு இறுகும், மூச்சு முட்டும். வாலிபத்தில் அது இரண்டு நாளில் தணியும். வயதானபின் தணிவதில்லை. பிசினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் தொழில்நோய்ப் பட்டியலில் சட்டப்படி இருக்கிறது. ஆனால் இருமலோடு வருகிறவனிடம், "பீடி குடிப்பாயா?" என்று கேட்பதோடு பல இடங்களில் விசாரணை முடிந்துவிடுகிறது. எந்த மில்லில், எந்த இலாகாவில், எத்தனை வருஷம் வேலை செய்தாய் என்று கேட்பவர் அபூர்வம். நைட் ஷிப்டில் கெட்ட தூக்கமும், தறியின் இரைச்சலில் கெட்ட காதும், நின்றே வேலை செய்து புடைத்த கால் நரம்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இவ்வளவையும் கொடுத்தவனுக்குக் கிடைக்கும் பென்ஷன் என்ன? 1952-ல் பிராவிடண்ட் பண்டு சட்டம் வந்தது. 1971-ல் குடும்பப் பென்ஷன் வந்தது. 1995 நவம்பர் 16 முதல் இன்றுள்ள தொழிலாளர் பென்ஷன் திட்டம் அமுலாயிற்று. முதலாளி கட்டவேண்டிய பங்கிலிருந்து சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 வீதம் இந்த நிதிக்குப் போகிறது. முதலாளி கட்டுகிறார் என்று சொன்னாலும் அது நமது கூலியின் ஒரு பகுதிதான். கையில் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி!

கணக்குப் போடும் முறையைத் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி 60 மாதத்துச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். ஒருவருக்குச் சம்பளக் கணக்கு 7,000 ரூபாய், சர்வீஸ் 15 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் 1,500 ரூபாய். நாளைக்கு 50 ரூபாய். புருஷனும் மனைவியும் இரண்டு உயிர் அதில் வாழ வேண்டும். அவர் கண்ணை மூடிவிட்டால் மனைவிக்குக் கிடைப்பது அதில் பாதி என்பதுதான் விதி. ஆயிரத்துக்குக் குறைந்தால் குறைந்தபட்சப் பென்ஷனான ஆயிரம். அந்தக் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் நிர்ணயமாயிற்று. 2024-ல் பத்து வருஷம் நிறைந்தபோதும் அதே ஆயிரம்தான்! இடைப்பட்ட பத்து வருஷத்தில் பருப்பு விலை அதே இடத்தில் நின்றதா? சமையல் காஸ் நின்றதா? சர்க்கார் உத்தியோகஸ்தரின் பென்ஷனுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி கணக்கிடுகிறார்கள். அது நியாயம், அவர்களும் போராடித்தான் பெற்றார்கள். ஆனால் அதே கடையில், அதே விலைக்கு, அதே அரிசி வாங்கும் மில் தொழிலாளியின் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது என்பதற்கு என்ன நியாயம்? ஐம்பத்தெட்டு வயதில் முடிவான தொகையோடு எழுபத்தெட்டு வயதுவரை காலந்தள்ள வேண்டும் என்றால், வருஷா வருஷம் அவன் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டே போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இதுகூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாதாந்தரப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷம் சர்வீஸ் வேண்டும். பதிலியாகப் பல வருஷம் ஓடியவர், காண்ட்ராக்டரின் ஆளாக வேலை செய்தவர், ஹாஸ்டலில் தங்கவைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி அனுப்பப்பட்ட இளம்பெண்கள், இவர்களெல்லாம் அந்தப் பத்து வருஷத்தை எங்கே போய்க் காட்டுவார்கள்? மில் மூடினால் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. தேசிய ஜவுளிக் கழகத்தின் 23 மில்கள் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றன. அவற்றில் 7 தமிழ்நாட்டில் உள்ளவை. மில் நின்றபோது ஐம்பது வயதில் இருந்தவன் என்ன செய்வான்? வேறு மில் அவனை எடுக்காது. செக்யூரிட்டி வேலைக்குப் போவான். அதுவும் கிடைக்காவிட்டால், முன்கூட்டியே பென்ஷனுக்கு எழுதிப் போடுவான். ஐம்பத்தெட்டுக்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு 4 வீதம் வெட்டிக்கொண்டு கொடுப்பார்கள். அந்த வெட்டு அவன் ஆயுள் முழுவதும் தொடரும். மில்லை மூடியது அவனல்ல. தண்டனை மட்டும் அவனுக்கு!

கிராமத்துக்கு வருவோம். விவசாயத் தொழிலாளிக்கு ரிட்டையராகும் தேதி என்று ஒன்று இருக்கிறதா? கிடையாது. குனிய முடிகிறவரை நடவு; குனிய முடியாதபோது களத்து மேட்டில் தூற்றல்; அதுவும் முடியாதபோது ஆடு மேய்த்தல். அறுவடை மெஷின் வந்தபின் கதிர் பொறுக்கும் கிழவிக்கும் வேலையில்லை. 2005-ம் வருஷத்துச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலையில் மண் சட்டியோடு நின்றவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். "கிழடுகளுக்கு வேலை கொடுத்துப் பணத்தை வீணடிக்கிறார்கள்" என்று டீக்கடையில் கேலி பேசியவர்களும் உண்டு. எழுபது வயதில் வெயிலில் மண் சுமக்க ஆசைப்பட்டா அவர்கள் போனார்கள்? போதுமான பென்ஷன் இருந்தால் யார் போவார்கள்?

தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயாக முதியோர் பென்ஷன் தொடங்கியது. ஆதரவற்றோருக்குச் சர்க்கார் பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட வகையில் அது ஒரு முன்னேற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை. 2011-ல் அது ஆயிரமாயிற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து 2023-ல் 1,200 ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு இருநூறு ரூபாய்! மத்திய சர்க்காரின் கதையோ இதைவிடக் கேவலம். 1995 ஆகஸ்ட் 15-ல் தேசியத் திட்டம் 75 ரூபாயில் ஆரம்பமாயிற்று. 2006-ல் 200 ரூபாயாக்கினார்கள். 2011-ல் வயது வரம்பை 65-லிருந்து 60-ஆகக் குறைத்து, எண்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 500 என்றார்கள். மற்றவர்களுக்கு அந்த 200 சுமார் இருபது வருஷமாக அசையவில்லை. நாள் ஒன்றுக்கு 7 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டீ வாங்கக் காணாது. பார்லிமெண்டில் இதைப் பலமுறை கேட்டாகிவிட்டது.

பணம் எங்கே என்று கேட்கிறார்கள். நாமும் அதையே கேட்கிறோம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 வீதத்திலிருந்து 22 வீதமாகக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. நாடு முழுவதுமுள்ள வயோதிகர், விதவைகள், ஊனமுற்றோர் ஆகியோருக்கான தேசிய உதவித் திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 9,652 கோடி. கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தது இதைப்போல் பதினைந்து மடங்கு. பணம் இருக்கிறது. அது எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் கேள்வி.

முடியாத காரியம் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் 1980-லேயே விவசாயத் தொழிலாளிக்கென்று தனியாகப் பென்ஷன் வந்தது. மாதம் 45 ரூபாய். தானத்துக்காக வந்ததல்ல அது; வயலில் செங்கொடி பிடித்த இயக்கத்தின் பலன். அங்கே சமூகப் பென்ஷன் 2025 நவம்பரில் 2,000 ரூபாயாயிற்று. நடக்க முடியாதவர்களுக்குக் கூட்டுறவுச் சங்க ஊழியரே வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே வந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை நாம் சாதாரணமாக நினைக்கவில்லை. ஏனென்றால் வயோதிகர்களின் பாடு தொகையோடு முடிவதில்லை. அந்தத் தொகை கைக்கு வந்து சேரும் பாதை இருக்கிறதே, அதில்தான் பாதி உயிர் போகிறது.

கைரேகை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் விரலை வை என்கிறார்கள். பென்ஷன் பணம் கொண்டுவரும் பாங்கு ஆள் கருவியை நீட்டி விரலை வை என்கிறார். வைக்கிறாள் கிழவி. கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன்? ஐம்பது வருஷம் நாற்றுப் பிடுங்கியும், செங்கல் சுமந்தும், பாத்திரம் தேய்த்தும் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. வயதாக ஆகத் தோலும் வறண்டுவிட்டது. அதாவது, இந்த நாட்டுக்காக அவள் செய்த உழைப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! பக்கத்தில் நிற்கிற வட்டிக்கடைக்காரரின் விரலைக் கருவி உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. "எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கு வந்தால் நெட் இல்லை. மறுநாள் பணம் தீர்ந்துவிட்டது.

பிராவிடண்ட் பண்டுப் பென்ஷன்காரரின் நிலைமையும் இதுவே. வருஷத்துக்கு ஒரு முறை தான் சாகவில்லை என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் முறை வந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் கண்புரை விழுந்த மனிதனை, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்றால்? அவரிடம் ஸ்மார்ட் போன் ஏது? பேரன் லீவில் வரும்வரை காத்திருப்பார். தவறிப்போனால் பென்ஷன் நின்றுவிடும். நின்றது தெரியாமல் இரண்டு மாதம் பாங்குக்கு நடப்பார்.

வயது நிரூபிப்பது இன்னொரு கூத்து. விவசாயத் தொழிலாளியின் வீட்டில் ஜனன சர்டிபிகேட் ஏது? ஆதார் எடுத்தவர் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டார். அறுபத்தைந்து வயதுக் கிழவனுக்கு அட்டையில் ஐம்பத்திரண்டு. பல்லும் முடியும் சொல்லும் சாட்சியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதையும் தாண்டி மனு உள்ளே போனால், "உனக்குத்தான் மகன் இருக்கிறானே" என்கிறார்கள். மகன் இருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வீட்டு வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் பற்றாமல் கந்துவட்டி வாங்கிக்கொண்டு இருக்கிறான். மகனுக்கு வாழ்க்கைக்கேற்ற கூலி கொடுக்காத சமுதாயம், தாயைக் காப்பாற்று என்று அவனுக்கு உத்தரவு போடுகிறது.

நல்ல ஏற்பாடுகள் வந்தபோது அவற்றை நல்லவை என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. 1983 முதல் பென்ஷன் வாங்கும் முதியோரும் சத்துணவுக் கூடத்தில் சாப்பிடலாம் என்று ஆயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ரேஷனை வீட்டிலேயே கொடுக்கும் திட்டம் வந்தது. கால் விளங்காத மனிதனுக்கு இதன் அருமை தெரியும். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை கொண்ட தேசிய ஆஸ்பத்திரி 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சரி, நாகப்பட்டினத்துக் கிழவர் கிண்டிக்கு எப்படிப் போவார்? ரயிலில் அறுபது வயது ஆண்களுக்கு 40 வீதமும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 வீதமும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நோய்த்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். தொற்று போயிற்று, சலுகை அதோடு திரும்பி வரவில்லை. கிண்டியில் உள்ள வைத்தியம் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது கிடைக்க வேண்டும். தனி வரிசை, உட்கார பெஞ்சு, கைப்பிடி உள்ள கக்கூஸ். இவை பெரிய விஞ்ஞான அதிசயங்கள் அல்ல.

கக்கூஸ் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். முதுமையில் வாழ்க்கையைத் தீர்மானிப்பது இந்தச் சின்ன விஷயங்கள்தான். இரவு எழுந்து போகையில் இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பல பெரியவர்கள் அதன்பின் பாயைவிட்டு எழுவதே இல்லை. ஒரு சவுக்குக் கம்பைச் சுவரோரம் நட்டுப் பிடிமானம் செய்வதற்கும், ஒரு பல்பு போடுவதற்கும் என்ன செலவாகும்? காலனி வீடு கட்டும்போதே வாசற்படியைத் தாழ்வாக வைத்தால் என்ன? பஸ்ஸின் முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கிழவர் காலைத் தூக்குமுன் கண்டக்டர் விசிலடித்துவிடுகிறார். கண்டக்டரும் தொழிலாளிதான், அவருக்கும் டைம் கணக்கு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவர் சங்கத்துக் கூட்டத்திலேயே இதைப் பேசலாமே.

வீட்டுக்குள் நடப்பதையும் பேசாமல் விடக்கூடாது. விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்ற கொடுமை நடப்பதாக 2010-ல் பத்திரிகைகளில் செய்தி வந்து நாடு திடுக்கிட்டது. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் வரவழைத்துக் கதையை முடிப்பது. இதற்கு எந்தப் பெயரிட்டாலும் இது கொலை. மன்னிக்க இடமில்லை. ஆனால் கொலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் போதுமா? வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூலி வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. புண்ணுக்கு மருந்து கட்ட நர்ஸ் வருவதில்லை. வலிக்கு மருந்து கிடைப்பதில்லை. அந்த இருட்டில்தான் இத்தகைய வழக்கங்கள் முளைக்கின்றன. வலி தணிக்கும் மருத்துவமும் வீடு தேடி வரும் நர்ஸும் ஒவ்வொரு ஊருக்கும் சேரவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

பராமரிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். மகன் "என் அம்மாவை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்" என்று பெருமையாகச் சொல்வான். மலம் அள்ளுவதும் கஞ்சி ஊட்டுவதும் மருமகள். அவள் பகலில் வயலுக்கும் போகிறாள். அலுப்பில் ஒரு சொல் கடுமையாக வந்துவிட்டால் ஊரே அவளைத் தூற்றுகிறது. மகன்கள் கையில் ஈரம் படட்டும். இதில் தோழர்களுக்கும் விலக்கில்லை.

கைவிடப்பட்டவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு போடலாம். பிள்ளையில்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடம் கேட்கலாம். மகன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுக்க நேர்ந்தால், "என்னைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். காப்பாற்றத் தவறினால் பத்திரத்தை ரத்துச் செய்ய அந்த வரி பெரிய பலம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தச் சட்டத்தைக் காட்டி, பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் சொந்த விவகாரம் என்று சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கும். ஏழை மகனிடமிருந்து ஏழைத் தாய்க்கு வாங்கிக் கொடுப்பதால் ஏழ்மை இடம் மாறுமே ஒழியத் தீராது. முதுமையிலும் நோயிலும் உதவி பெறும் உரிமைக்குப் பயனுள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து சொல்வது சர்க்காரைப் பார்த்து. மகனைப் பார்த்து அல்ல.

உலகத்தில் இது புதிய பேச்சும் அல்ல. ஜெர்மனியில் 1889-லேயே முதுமைப் பென்ஷன் சட்டம் வந்தது. தொழிலாளர் இயக்கம் வளர்வதைக் கண்டு பயந்துதான் பிஸ்மார்க் அதைக் கொண்டுவந்தான். பிரிட்டனில் 1908-ல் வந்தது. சோவியத் நாட்டில் 1956-ம் வருஷத்துச் சட்டம் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 55 என்று ஓய்வு வயதை வைத்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு 1964-ல் தனிச் சட்டம் வந்தது. எங்குமே தானாக வந்ததில்லை.

ஆகவே நமது கோரிக்கைகளைச் சொல்கிறோம். பிராவிடண்ட் பண்டுப் பென்ஷனின் குறைந்தபட்சம் இருவர் வயிறாரச் சாப்பிடும் அளவுக்கு உயர வேண்டும்; அதோடு பஞ்சப்படி சேர வேண்டும். மத்திய சர்க்கார் தன் 200 ரூபாயை வைத்துக்கொண்டு இன்னும் வெட்கமில்லாமல் நிற்கக் கூடாது. விவசாயத் தொழிலாளிக்கு அறுபது வயதில், மகன் உண்டா இல்லையா என்ற விசாரணை இல்லாமல் பென்ஷன் வேண்டும். விரல் ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ரிட்டையரான அன்றே தொழிலாளியின் பெயரைச் சங்கப் புத்தகத்தில் அடித்துவிடும் பழக்கம் பல மில்களில் இருக்கிறது. மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் கதை முடிந்தது! இது ஒழிய வேண்டும். ரிட்டையரானவர்களை உறுப்பினராக வைத்திருங்கள். சந்தாவைக் குறைத்து வாங்குங்கள். சங்கம் பிறந்த கதையும், எந்த ஸ்டிரைக் எதனால் ஜெயித்தது என்ற விவரமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு அவர்கள் வகுப்பெடுக்கட்டும். சங்க ஆபீஸில் ஒரு பெஞ்சும் ஒரு பத்திரிகையும் இருந்தால் சாயங்காலம் அவர்கள் வந்து உட்காருவார்கள். வீட்டுத் திண்ணையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ நல்ல மருந்து.

ஈ.எஸ்.ஐ.யில் ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ரிட்டையரானவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் அவர் துணையும் தொடர்ந்து வைத்தியம் பெறலாம். எத்தனை பேர் இதைத் தெரியாமல் தனியார் ஆஸ்பத்திரியில் தாலியை விற்றார்களோ! ரேஷன் கடைக்கு வர முடியாதவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கும் பாரம் இருக்கிறது. அதையும் பூர்த்தி செய்து கொடுக்க ஆள் வேண்டும். முதியோருக்கான உதவிப் போன் நம்பர் 14567. இதைச் சங்க ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஊர் ஊராக ஒரு ஜாபிதா எடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர் யார் யார், பென்ஷன் வருகிறதா, நின்றுவிட்டதா, ஏன் நின்றது, ஆதாரில் வயது சரியா, கண் தெரிகிறதா, மாத்திரை கிடைக்கிறதா, தனியாக இருக்கிறாரா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். படித்த வாலிபர்களையும் பெண்களையும் இதில் இறக்குங்கள். கிழவியைத் தனியாகத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பாதீர்கள். இருபது பேராகச் சேர்ந்து, இரண்டு வாலிபர்களோடு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பாருங்கள். மனுவுக்குக் கட்டாயம் ரசீது வாங்குங்கள். யார் மனு, எந்தத் தேதி, என்ன பதில் வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.